ஸ்கேன் படமும் நம் எழுத்தும்

மூளையைப் படமெடுக்கும் கருவிகளைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். ‘கட்டியை அப்படியே கண்முன் காட்டும் அதிசயக் கருவி’ என்ற வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடுகிறது. இயற்பியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் எனக்கு அந்த வாக்கியத்தோடுதான் வழக்கு.

எம்.ஆர்.ஐ. கருவிக்குக் கட்டி என்றால் என்னவென்று தெரியாது. திசுக்களின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள், 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில், ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கு எவ்வாறு மறுமொழி தருகின்றன என்பதையே அது பதிவு செய்கிறது. அதற்குப் பொருள் சொல்பவர் மருத்துவர். இது வெறும் சொற்சண்டை அன்று. ஏன் என்று பாருங்கள்.

மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற ஒரு சிறுமிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடியும் படம் எடுக்கிறார்கள் என்று கொள்வோம். கடோலினியம் கலந்த மருந்தை ஊசி வழியே ஏற்றியதும், முன்பைவிடப் பெரிய வெண்திட்டு தெரிகிறது. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ மதுரைக்கு வந்த பெற்றோர், கட்டி வளர்ந்துவிட்டதென்று இடிந்து போகிறார்கள். ஆனால் கடோலினியம் இரத்தக் குழாயிலிருந்து இங்கே கசிந்தது என்பதற்குமேல் அந்த வெண்மை ஒன்றும் சொல்லாது. வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வாய்க்கால் கரை நண்டு வளையால் உடைந்ததா, வெள்ளத்தால் உடைந்ததா என்று தேங்கிய நீரைப் பார்த்துச் சொல்ல முடியுமா? கட்டியின் குழாய்களும் கசியும், கதிர்வீச்சால் புண்பட்ட குழாய்களும் கசியும். பின்னது போலி வளர்ச்சி; சிகிச்சையை மாற்றாமலே அடங்கிவிடக் கூடியது. இரண்டையும் குழப்பிக் கொண்டால், பலன் தரும் மருந்தை நிறுத்திவிட நேரும். அல்லது உண்மையான வளர்ச்சியைப் பார்த்துக் கொண்டு சும்மா இருக்க நேரும்.

நேர்மாறும் உண்டு. குழந்தைகளின் மூளைத்தண்டில் பரவும் கொடிய கட்டி பல சமயம் கடோலினியத்தை ஏற்பதே இல்லை. மெதுவாக வளரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமாவோ பளிச்சென்று ஒளிரும்!

இங்கேதான் நவீன முறைகள் துணைக்கு வருகின்றன: இரத்த ஓட்டத்தை அளப்பது, நீர் மூலக்கூறுகளின் விரவலை அளப்பது, நிறமாலை வழியே வேதிப்பொருள்களை அளப்பது. நம் கட்டுரைகள் மூன்றையும் ஒரே மூச்சில் புகழ்ந்துவிட்டு நகர்ந்து விடுகின்றன. நிறமாலையை எடுத்துக் கொள்வோம். கோலின் கூடி, என்-அசிட்டைல் ஆஸ்பார்டேட் குறைந்தால் கட்டி என்று ஐயுறலாம் என எழுதுகிறார்கள். பெரியவர்களுக்குச் சரி. ஆனால் கைக்குழந்தையின் ஆரோக்கியமான மூளையிலேயே முன்னது மிகுதி, பின்னது குறைவு. வளரும் மூளையின் இயல்பு அது. வயதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் என்ன பயன்? பெரியவர்களின் அளவுகோல் பொருந்தாததால்தான் ராப்னோ என்ற பன்னாட்டுக் குழு 2018 முதல் குழந்தைகளுக்கெனத் தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நான் படித்த கட்டுரைகளில் இதைக் காணோம்.

(இன்னொரு குறை: சி.டி. ஸ்கேன் வரலாற்றை 1979 நோபல் பரிசோடு தொடங்கி அதோடு முடித்து விடுகிறார்கள். எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் கணக்கு முறை ஒன்றை 1971-இல் வெளியிட்ட ஜி.என். இராமச்சந்திரனையும் ஏ.வி. லட்சுமிநாராயணனையும் நாமே மறக்கலாமா?)

அளவு பற்றியும் ஒரு சொல். கட்டியின் விட்டம் 20 மில்லிமீட்டரிலிருந்து 24 ஆனால், ‘சிறிது வளர்ந்தது’ என்போம். உருண்டை வடிவமென்றால் அதன் பருமன் 73 சதவீதம் கூடிவிட்டது. ஆனால் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாக எடுத்த படத்தில், தலை சற்றுச் சாய்ந்திருந்தாலே அந்த 4 மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடலாம். பழைய படத்தோடு ஒப்பிடாமல் இதைத் தீர்க்க முடியாது. உங்கள் தெருவில் இத்தகைய சிகிச்சை பெறும் குழந்தை இருந்தால், மஞ்சள் பையில் மடங்கிக் கிடக்கும் பழைய படங்களையும் குறுந்தட்டையும் ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லும்படியும், கூடுமானவரை அதே கருவியில் படமெடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கும்படியும் அந்த வீட்டாரிடம் சொல்லுங்கள்.