அபூ ஸைதிடம் ஏமாந்த மாணவர்கள்

அரபு மத்ரஸாவில் ஓதியவர்களிடம், “உங்களை மிகவும் வாட்டிய கிதாபு எது?” என்று கேட்டுப் பாருங்கள். பலர் தயங்காமல் ‘மகாமாத்துல் ஹரீரி’ என்பர். பஸ்ரா நகரத்து ஹரீரி (கி.பி. 1054–1122) எதுகை உரைநடையில் யாத்த ஐம்பது மகாமாக்களின் தொகுதி அது.

பதினேழு வயதில் அதனை ஓதினேன். ஒரு வரியைக் கடக்கப் பலமுறை அகராதியைப் புரட்ட வேண்டும். வரிகளுக்கிடையே பென்சிலால் பொருள் எழுதிக்கொள்வோம். மறுநாள் சொல்லின் வேரையும் பன்மையையும் உஸ்தாதிடம் ஒப்புவிப்போம். தேர்வில் தேறினேன். ஆனால் கதை யாது என்று எவரும் வினவவில்லை, வினவியிருந்தால் விழித்திருப்பேன்.

நானே ஆசிரியனாகிப் பாடம் நடத்திய நாளில்தான் முதல் மகாமா எனக்கு விளங்கிற்று. ஸன்ஆ நகரில் ஒருவர் உலகப் பற்றை இகழ்ந்து உருக்கமாக உபதேசிக்கிறார். கேட்டோர் பொருளை வாரி வழங்குகின்றனர். கதை சொல்லியான ஹாரிஸ் இப்னு ஹம்மாம் அவரைப் பின்தொடர்கிறார். குகையொன்றில் வெண்ரொட்டியும் சுட்ட ஆட்டுக்குட்டியும், எதிரே மதுக்குடமுமாக வீற்றிருக்கிறார் அந்த உபதேசி! அவரே ஸரூஜ் ஊர் அபூ ஸைது.

‘வெறும் சொல்விளையாட்டு’ என்று இந்நூலை ஒதுக்குவோர் உளர். பதினாறாம் மகாமாவில், திருப்பிப் படித்தாலும் மாறாத தொடர்கள் வருகின்றன. தமிழில் மாலைமாற்று என்போமே, அதுதான். சில மகாமாக்களில் வித்தை மிகுந்து கதை மெலிந்திருப்பதும் உண்மையே.

ஆயினும் அவ்வித்தைக்கு ஒரு வேலை உண்டு. இருபத்தெட்டாம் மகாமாவில், சமர்கந்துப் பள்ளிவாசலில் புள்ளியுள்ள எழுத்து ஒன்றேனும் கலவாத குத்பாவை அபூ ஸைது ஓதுகிறார். ஜமாஅத்து வியக்கிறது, நாமும் வியக்கிறோம். அன்றிரவே அவர் மதுவை எடுக்கிறார். சொல்லழகில் மயங்கிச் சொன்னவரை மறந்தோமே என்று நம்மையே நாணச் செய்கிறார் ஹரீரி. அகராதியோடு நின்றுவிட்ட மாணவனும் அந்த ஏமாந்த கூட்டத்தில் ஒருவனே அன்றோ!

ஐம்பதாம் மகாமாவில் அபூ ஸைது தவ்பாச் செய்கிறார். அதுவும் நடிப்போ என்று ஹாரிஸ் ஐயுறுகிறார். ஸரூஜுக்கே சென்று, அவரை வணக்கத்தில் கண்ட பின்னரே தெளிகிறார். முன்னைய வஞ்சகங்களை அறியாதவனுக்கு இம்முடிவு எங்ஙனம் உறைக்கும்?

எனவே, இந்நூலைப் போதிக்கும் உஸ்தாதுமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் கதையைச் சொல்லுங்கள், மாணவர்கள் சிரிக்கட்டும். அகராதி பிறகு வரட்டும். இன்று ஓதும் பிள்ளைகளே நாளை மிம்பரில் ஏறப்போகிறவர்கள். இனிய நாவும் உண்மையான நெஞ்சும் வேறு வேறாகலாம் என்பதை அதற்கு முன் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.