கணக்கு யாருக்காக?

திருமயம் மலைக்கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடிவாரத்தில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து உள்ளன. இரண்டுக்கும் இடையே நெடுநாள் நீடித்த வழக்கு 1245-இல் ஒய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் தீர்ந்தது. தீர்ப்பை அங்கேயே பாறையில் வெட்டி வைத்தனர். உரியவர்கள் கண்ணெதிரில் இருப்பதே நல்ல ஆவணம். இந்த அளவுகோலால் இன்றைய ஊராட்சி மென்பொருளையும் அளந்து பார்ப்போமா?

மத்திய ஊராட்சி அமைச்சகம் 2020 ஏப்ரல் 24 அன்று ‘இ-கிராம் சுவராஜ்’ என்னும் மென்பொருளைத் தொடங்கியது. மத்திய நிதிக்குழு மானியத்தின் திட்டம், வரவு, செலவு எல்லாம் இதில் பதிவாகின்றன. ஒருவர் செலவுச்சீட்டைத் தயாரிப்பார். இன்னொருவர் மின்னணுக் கையொப்பமிட்டு ஒப்புதல் தருவார். அதன் பின்னரே பணம் வங்கிக்குச் செல்லும். கையெழுத்துப் பதிவேட்டில் எளிதான அடித்தலும் திருத்தலும் இங்கு எளிதல்ல. மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என்று தேர்ந்தெடுத்து எந்த ஊராட்சியின் கணக்கையும் யாரும் காணலாம். இவை பெரிய நன்மைகளே.

ஆனால் காண்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. அரசுக் கணக்கில் குடிநீருக்கும் துப்புரவுக்கும் தலைப்பு எண் 2215. நாடு முழுவதும் உள்ள செலவைக் கூட்டிப் பார்க்கும் தணிக்கையாளருக்கு இவ்வெண் இன்றியமையாதது. கிராம சபையில் அமர்ந்திருக்கும் பெண்மணி கேட்பதோ, “எங்கள் தெரு மோட்டாரைப் பழுது பார்க்க என்ன செலவாயிற்று?” என்பதுதான். எண்ணுக்கு நேராகத் தெருவையும் வேலையையும் எளிய தமிழில் குறிக்கும் ஓர் அட்டவணையை இணைத்தால் போதும். ஒரே பதிவு இருவருக்கும் விடை சொல்லும். கணிப்பொறிக்கு இது கடினமான வேலையே அன்று.

இரண்டாவது குறை, உதவியைப் பற்றியது. மென்பொருளை எழுதியதோடு கடமை முடிவதில்லை. கையொப்பக் கருவி வேலை செய்யாமல் போனால் ஊராட்சிச் செயலர் யாரிடம் போவார்? கேரளத்தில் 1999-இல் தோன்றிய தகவல் கேரள இயக்கம் கணக்குக்கு ‘சாங்க்யா’, பிறப்பு இறப்புப் பதிவுக்கு ‘சேவனா’ என மென்பொருள்களைத் தந்தது. உள்ளாட்சிகளுக்குத் தொழில்நுட்ப உதவியாளர்களையும் அமர்த்தியது. அருகில் இருந்து உதவும் ஆளையும் மென்பொருளின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும்.

ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் உங்கள் ஊரிலும் கிராம சபை கூடும். கணக்கை ஊருக்குப் புரியும்படி படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால்தான் எழுதுபவர்களுக்கும் குறை தெரியும்.