ஸ்பூன் கணக்கு: ஒரு மறுவாசிப்பு

கிறிஸ்டின் மிசரண்டினோ என்ற அமெரிக்கப் பெண் 2003-ல் எழுதிய 'ஸ்பூன் தியரி' கட்டுரையை மூன்று முறை வாசித்திருக்கிறேன். முதல் முறை, அக்காவுக்கு லூபஸ் என்று உறுதியான வாரம். இரண்டாவது, அதை வைத்து ஒரு முட்டாள்தனம் செய்வதற்குச் சற்று முன். மூன்றாவது, போன மாதம். முதல் இரண்டு வாசிப்பிலும் என் கண்ணில் படாத ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: மிசரண்டினோவுக்கு லூபஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். ஒரு நாள் இரவு உணவகத்தில் அவர் மாத்திரை போடுவதைப் பார்த்து, கூட இருக்கும் கல்லூரித் தோழி, "இந்த நோயோடு இருப்பது எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார். டாக்டரிடம் கூடவே போனவர், வலியில் அழுததைப் பார்த்தவர்; அவருக்கே தெரியவில்லை. மிசரண்டினோ பக்கத்து மேஜைகளில் இருந்த ஸ்பூன்களையும் சேர்த்து அள்ளி, 12 ஸ்பூனைத் தோழி கையில் கொடுக்கிறார். "இனிமேல் உனக்குத்தான் லூபஸ். காலையிலிருந்து என்னென்ன செய்வாய், சொல்." ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்பூன் பறிபோகிறது. குளிக்க ஒன்று. உடுத்த ஒன்று. வேலைக்குப் போய்ச் சேரும் முன்பே கையில் மிச்சம் 6.

இந்தக் கட்டுரை ஏன் இவ்வளவு பரவியது என்பது புரிகிறது. களைப்பை ஓர் உணர்ச்சியாக வர்ணிக்காமல் செலவாகக் காட்டுகிறது. குளிப்பது என்ற ஒரே வேலைக்குள் கையை மேலே தூக்குவது, கீழே குனிவது என்று எத்தனை வேலை ஒளிந்திருக்கிறது என்று பிரித்து வைக்கிறது. நோயாளிகள் தங்களை 'ஸ்பூனி' என்று அழைத்துக்கொள்ளும் அளவுக்கு அது அவர்கள் வாழ்க்கைக்குள் போய்விட்டது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? வர்ஜீனியா வுல்ஃப் 1926-ல் நோயைப் பற்றிய கட்டுரை ஒன்றில், உடம்பின் அவதியைச் சொல்ல ஆங்கிலத்தில் சொல் இல்லை என்று குறைப்பட்டார். நமக்கு அந்தப் பஞ்சம் இல்லை. களைப்பு, அசதி, அலுப்பு, சோர்வு, ஆயாசம், தளர்ச்சி. ஆனால் கவனித்துப் பாருங்கள், இவற்றில் பலவும் பேச்சில் 'தீர' என்ற சொல்லோடுதான் ஜோடி சேரும். களைப்பு தீர மோர் குடி. அலுப்பு தீரக் குளி. அசதி தீரத் தூங்கு. வேலை செய்தால் வரும், ஓய்வெடுத்தால் போகும் என்ற நம்பிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தும் தீராத ஒன்றை அக்கா எந்தச் சொல்லால் சொல்வாள்? அவள் இதில் எதையும் சொல்வதில்லை. "முடியலைடா" என்பாள். அவ்வளவுதான். எவ்வளவு களைப்பு என்று அது சொல்லவில்லை. எதைச் செய்ய முடியாது என்று மட்டும் சொல்கிறது. இதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கட்டுரையில் எனக்கு இருந்த முதல் குறை பொறியாளன் புத்தியால் வந்தது. 12 என்ற எண் காலையிலேயே கைக்கு வந்துவிடுகிறது. வழியில் தவறிப்போகலாம், நாளைய ஸ்பூனை இன்றே கடன் வாங்கலாம் என்றெல்லாம் மிசரண்டினோ சொல்கிறார்தான். ஆனாலும் எண்ணி முடித்த கைதான் படத்தின் மையம். நிஜத்தில் அக்காவின் உடம்பு பழைய லேப்டாப் பேட்டரி மாதிரி. 40 சதவீதம் என்று காட்டும், அடுத்த நிமிடம் அணைந்துவிடும். சித்தி பையன் கல்யாணத்தில் அரை நாள் சிரித்துக்கொண்டு நின்றாள். அன்று ஒன்றுமில்லை. மறுநாளிலிருந்து மூன்று நாள் படுக்கை. கல்யாணத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் அம்மாவிடம் சொன்னது: "பாத்தா நல்லாத்தானே இருக்கா." (மிசரண்டினோ நடத்திய இணையதளத்தின் பெயரும் கிட்டத்தட்ட இந்த வாக்கியம்தான். அத்தைகள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போல.)

குறையைக் கண்டுபிடித்தவன் சும்மா இருப்பேனா? இரண்டாம் வாசிப்பு முடிந்ததும் ஒரு எக்செல் தாள் செய்தேன். காலையில் எத்தனை ஸ்பூன், எந்த வேலைக்கு எத்தனை, இரவு மிச்சம் எவ்வளவு. 'களைப்பின் தீவிர அளவுகோல்' என்று ஒன்று இருக்கிறது. 1989-ல் லூபஸ், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளை வைத்து உருவாக்கியது. 9 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். வாரம் ஒரு முறை அதையும் நிரப்பச் சொன்னேன். நான் சென்னையில், அவள் திருச்சியில். தினமும் ராத்திரி போனில் கேட்பேன்: "இன்னிக்கு எத்தனைக்கா?"

இரண்டு வாரம் எண்கள் ஏறி இறங்கின. அப்புறம் தினமும் 8. கோடு நேர்கோடாகிவிட்டது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவள் பையன்தான் சொன்னான்: "மாமா, அம்மா சாயங்காலமெல்லாம் படுத்தேதான் இருக்காங்க." அவளிடமே கேட்டேன்.

"5-ன்னு போட்டா உடனே ஏன்னு கேப்ப. நேத்து 7 இருந்துச்சே, என்ன பண்ணேன்னு கேப்ப. அத விளக்கிச் சொல்றதுக்கே ரெண்டு ஸ்பூன் போயிடுதுடா."

அதற்குப் பிறகுதான் மூன்றாம் வாசிப்பு. இந்த முறை ஒரே கேள்வியோடு படித்தேன்: ஸ்பூன்கள் யார் கையில் இருக்கின்றன? கட்டுரை முழுக்க அவை ஆரோக்கியமானவளின் கையில்தான் இருக்கின்றன. கணக்குக் கேட்பவள் நோயாளி. கணக்குச் சொல்லித் தோற்பவள் தோழி. கூடுதலாக ஒரு ஸ்பூன் கேட்டும் கிடைக்காதவள் தோழி. நான் அதை அப்படியே தலைகீழாக்கியிருந்தேன். ஸ்பூனை அக்கா கையில் திணித்துவிட்டு நான் ஆடிட்டர் ஆகிவிட்டேன். எண் துல்லியமில்லை என்ற என் பழைய விமர்சனமும் இந்த வாசிப்பில் அர்த்தமிழந்தது. நோயாளியின் உடம்பை அளக்க வந்த கருவியே அல்ல அது. எதிரே உட்கார்ந்திருப்பவரை ஒரு ராத்திரிக்கு இழக்க வைக்கும் விளையாட்டு. மிசரண்டினோ தன் தோழியிடம் ஆடிய ஆட்டம் அது. நான் அதை வைத்து அக்காவிடம் தினசரி அறிக்கை கேட்டேன். தாளை அழித்துவிட்டேன்.

கட்டுரையின் முடிவு இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. தோழி கண் கலங்குகிறார், தினமும் எப்படித்தான் சமாளிக்கிறாய் என்கிறார், மிசரண்டினோ ஒளித்து வைத்திருந்த ஒரு ஸ்பூனை எடுத்துக் கொடுக்கிறார். கொஞ்சம் இனிப்பு அதிகம். ஆனால் அக்காவுக்கு அந்த இடம் பிடிக்கும் என்று நினைத்து, தீபாவளிக்குப் போயிருந்தபோது கட்டுரை முழுவதையும் தமிழில் சொன்னேன். சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடியே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு அழுதாளா?"

"ஆமாக்கா."

"அழுதுட்டு என்ன பண்ணா? மறுநா இவ வீட்டுக்கு வந்து துணியாச்சும் தொவைச்சாளா?"

அது கட்டுரையில் இல்லை என்றேன். வெங்காயத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.