மெழுகுவர்த்தியின் கதை: எப்படி ரசிப்பது?

அறிவியலைக் கதையாகச் சொல்லும் கலைக்கு ஒரே ஒரு நூலை முன்மாதிரியாகக் காட்டவேண்டுமானால், மைக்கேல் ஃபாரடேயின் ‘மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு’ நூலைக் காட்டலாம். 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் சிறுவர்களுக்கு ஆற்றிய ஆறு உரைகள் இவை. வில்லியம் குரூக்ஸ் பதிப்பிக்க, 1861இல் நூலாயின. ஃபாரடே கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். புதிதாகக் கற்பவருக்கு எந்த இடத்தில் தடுக்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இந்த உரைகளில் முதலில் கவனிக்கவேண்டியது, விஷயங்கள் வரும் வரிசை. பாடநூல் வரையறையில் தொடங்கும். ஃபாரடேயிடம் கேள்வி முந்துகிறது, கலைச்சொல் பிந்துகிறது. எரியும் மெழுகுவர்த்தியின் தலை ஏன் சிறு கிண்ணம் போல் குழிகிறது? சூட்டில் மேலெழும் காற்றோட்டம் பக்கவாட்டுக் குளிர்காற்றை இழுத்து விளிம்பைக் குளிர்விக்கிறது. நடுப்பகுதி மட்டும் உருகுகிறது. அப்படியானால், குழியில் கிடக்கும் மெழுகு திரியின் உச்சிக்கு எப்படி ஏறுகிறது? நீலநிறக் கரைசலில் ஓர் உப்புத் தூணை நிறுத்துகிறார். நிறம் தானே மேலேறுகிறது. திரியில் மெழுகும் அப்படித்தான் ஏறுகிறது. ஒரு விடை கிடைத்த இடத்திலேயே அடுத்த கேள்வி முளைத்துவிடுகிறது. கதையை நகர்த்துவது இதுதான்.

அடுத்து, சான்று வெளிப்படும் தருணம். சுடரின் நடுவிலுள்ள இருண்ட பகுதியில் வளைந்த கண்ணாடிக் குழாயைச் செருகி, அதன் வழியே வரும் மெழுகு ஆவியை மறுமுனையில் கொளுத்துகிறார். அதைவிட அழகானது மூன்றாம் உரை. பனிக்கட்டியும் உப்பும் நிரம்பிய பாத்திரத்தைச் சுடருக்கு மேலே வைக்க, அடியில் ஒரு துளி திரள்கிறது. தண்ணீர் என்று சொல்லிவிட்டு அவர் நகர்வதில்லை. தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் பொட்டாசியத்தை முதலில் சாதாரண நீரில் போட்டுக் காட்டி, பிறகு அந்தத் துளியில் வைக்கிறார். அதிலும் தீப்பிடிக்கிறது. நெருப்பு நீரை உண்டாக்குகிறது என்ற நம்பமுடியாத செய்தியைச் சிறுவர்கள் தங்கள் கண்ணாலேயே உறுதிசெய்துகொள்கிறார்கள். இந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டக்கூடாது.

படிக்கும்போது பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பது நல்லது. அதை அணைத்து, எழும் வெண்புகையில் தீக்குச்சியை நீட்டினால், திரியைத் தொடாமலே சுடர் தாவி இறங்கும். எரிவது ஆவி என்பது அப்போது விளங்கும்.

நான்காம், ஐந்தாம் உரைகளில் ஹைட்ரஜன், ஆக்சிஜன், காற்றின் எடை என்று பேச்சு நீள்கிறது. மெழுகுவர்த்தி பார்வையிலிருந்து விலகுகிறது. கதையின் தொய்வான பகுதி இது. ஆனாலும் தாண்டிச் செல்லக்கூடாது. ஆறாம் உரையின் திருப்பத்துக்கு வேண்டிய பொருள்கள் இங்கேதான் சேர்கின்றன. அந்த உரையில் சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதுகிறார். மெழுகுவர்த்தியின் புகைக்காற்றில் பால்போல் வெளுத்த அதே நீர், மனித மூச்சிலும் வெளுக்கிறது. சுடரில் போலவே உடலுக்குள்ளும் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. நாம் வெளிவிடும் அந்தக் கார்பன் டை ஆக்சைடைச் செடிகள் எடுத்துக்கொண்டு வளர்கின்றன.