நான்காம் வேற்றுமையில் நோயாளி

இராஜஸ்தான் சட்டமன்றம் 2023 மார்ச் 21 அன்று உடல்நல உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அதுவரை செய்யாத காரியம். இந்தப் பிரதிக்குள் நோயாளி எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார் என்பது என் கேள்வி.

சட்டத்துக்கு முன்பே அங்கே திட்டம் இருந்தது. 2011இல் வந்த இலவச மருந்துத் திட்டத்தின் பெயரே ‘முதலமைச்சர்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994க்குப் பிறகு உருவாக்கிய கொள்முதல் முறையை முன்மாதிரியாகக் கொண்ட நல்ல திட்டம். ஆனாலும் அதில் கொடுப்பவர் எழுவாய், வாங்குபவர் நான்காம் வேற்றுமை. ‘கு’ உருபுக்குக் கொடை ஒரு பொருள் என்பது நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும். கொடையை நிறுத்தினால் ‘ஏன் நிறுத்தினே?’ன்னு யாரைக் கேக்கிறது?

உரிமைச் சட்டம் இந்த வாக்கியத்தை மாற்றியிருக்க வேண்டும். ‘வசிக்கும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு’ என்கிறது, மறுபடியும் ‘கு’. அவசர சிகிச்சையில் மட்டும் கடமைப்பட்டவர் யார் என்பது பளிச்சென்று தெரிந்தது: முன்பணம் கேட்காமல் தனியார் மருத்துவமனையும் பார்க்க வேண்டும். சண்டையும் அங்கேதான் வெடித்தது. மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரல் 4 உடன்பாட்டில், 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகளையும் அரசுச் சலுகை பெறாதவற்றையும் விலக்கிவைக்க அரசு ஒப்புக்கொண்டது.

ஆரம்ப சுகாதாரத்துக்காக யாரும் சண்டை போடவில்லை. செவிலியர் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், எந்த மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் பின்னால் வரும் விதிகளுக்குத் தள்ளப்பட்டன. 2023 டிசம்பரில் ஆட்சி மாறியபோதும் அந்த விதிகள் வந்திருக்கவில்லை. புகார் செய்யச் சட்டத்தில் வழி உண்டு. எதை மீறினதா புகார் செய்யறது? விபத்தும் மாரடைப்பும் விவாதமாயின. மாசாமாசம் சர்க்கரை மாத்திரைக்கு வரும் கிழவி விவாதத்துக்கே வரவில்லை. 1978இல் அல்மா அட்டா பிரகடனம் பேசியதோ அந்தக் கிழவியைப் பற்றி: வீட்டருகே மருத்துவம், அதைத் திட்டமிடுவதில் மக்களுக்குப் பங்கு.

அரசு மருத்துவம் என்றாலே உடல்மீதான கண்காணிப்பு என்று ஃபூக்கோவைத் துணைக்கழைக்கும் நண்பர்கள் உண்டு. பூட்டிக் கிடக்கிற துணை சுகாதார நிலையம் யாரையும் கண்காணிப்பதில்லை. கைவிடுவதும் அதிகாரத்தின் வேலைதான்.

தூரம், ஆள், மருந்து மூன்றையும் விதிகளுக்குத் தள்ளாமல் சட்டத்திலேயே எழுத வேண்டும். ‘கேட்கிறார்’ என்ற வினைக்கு நோயாளி எழுவாயாவது அப்போதுதான்.