குமுளிக்கு அந்தப் பக்கம் ஓடுது, இந்தப் பக்கம் ஏன் ஓடல?

வீரபாண்டியில் ஒரு சின்ன தொண்டு அமைப்பு. மூணு பழைய கம்ப்யூட்டர். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு, 11 இந்த மெஷின்ல ஏறாது. "எந்த லினக்ஸ் போடலாம் தம்பி?"ன்னு கணக்கு பாக்குற அக்கா கேட்டாங்க. கமிட்டியில் ஒருத்தர் முந்திக்கிட்டு, "பாஸ் லினக்ஸ் போடுங்க, நம்ம அரசாங்கத்தோடது"ன்னார்.

இந்த வாதம் எனக்கு ஒப்பல. சென்னை சி-டாக் உருவாக்கி 2007-ல் வெளிவந்தது பாஸ். அடியில் இருப்பது டெபியன், அதில் குறை சொல்ல ஒண்ணுமில்ல. 2011-ல் ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோட சேர்ந்து இதுவும் வந்தது. நான் பாத்த வீடுகள்ல அந்தப் பக்கத்தை யாரும் திறக்கவே இல்ல. இடம் பத்தலன்னு அழிச்சவங்கதான் உண்டு. சொல்லிக்கொடுக்க ஆளில்ல. ரிப்பேர் கடைக்காரருக்கும் விண்டோஸ்தான் தெரியும்.

கம்பம் தாண்டி குமுளி மலை ஏறுங்க, கதையே வேற. கேரளத்தில் 2001-ல் ஐடி@ஸ்கூல் தொடங்கினாங்க. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, பத்தாம் வகுப்பு ஐடி தேர்வையே லினக்ஸ்ல வச்சாங்க, பள்ளிக்கு ஒரு ஐடி ஒருங்கிணைப்பாளரையும் போட்டாங்க. அங்க ஓடுறதும் இதே டெபியன் வம்சம்தான். இந்தப் பக்கம் சாஃப்ட்வேர் மட்டும் வந்தது, ஆள் வரல.

அதனால "எது சிறந்தது"ங்கிற கேள்வியே தப்பு. கெட்டுப்போனா யார் சரிபண்ணுவா? அக்காதான். அவங்களுக்காக மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பழைய மெஷினைத் திணறடிக்காது, 22-வது வெளியீட்டுக்கு 2029 வரை ஆதரவு உண்டு. அப்டேட் சொதப்பினா டைம்ஷிஃப்ட் வழியா நேத்தைய நிலைக்குத் திரும்பலாம். சுத்தமான டெபியன் எனக்குப் பிடிக்கும், ஆனா உட்காரப்போறது நான் இல்லையே.

ரெண்டு சிக்கல் மிச்சம். டேலி லினக்ஸ்ல நேரடியா ஓடாது. அதுக்காக ஒரு மெஷினை விண்டோஸ்லயே விட்டு, நெட் இணைப்பைப் பிடுங்கிட்டோம். அடுத்தது பாமினி. பத்து வருஷத்துக் கடிதங்கள் எல்லாம் அந்த எழுத்துருவில்தான் இருக்கு. எழுத்துருவைப் போட்டா படிக்கலாம், தமிழ்ல தேட முடியாது. யூனிகோடுக்கு மாத்தியே ஆகணும். உண்மையான வேலை அதுதான், அதை எந்த லினக்ஸும் செஞ்சு தராது.

இப்போதைக்கு மாசத்தின் முதல் சனிக்கிழமை அப்டேட். தமிழ்99 விசைப்பலகைப் படத்தை மானிட்டர் ஓரத்துல ஒட்டியாச்சு. அக்காவோட பெண்ணும் கத்துக்குது.