ஆடவல்லான் திருவுருவ ஆராய்ச்சியும் அதற்குரிய சான்றும்

திருவுருவக் கலையின் வரலாறு எழுதப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது, எந்நூல் எப்பொருட்குச் சான்றாம் என்னுந் தெளிவேயாம். நூல்கள் பல கிடைத்தல் வேறு. கிடைத்தவை சான்றாதல் வேறு. இவ்வேறுபாடு உணரப்படாமையின், அம்பலக்கூத்தர் திருவுருவம் பற்றி மாணவர் வரையுங் கட்டுரைகள் பல, ஒரு நூலையே பற்றுக்கோடாகக் கொண்டு நின்றுவிடுகின்றன.

அந்நூல், ஆனந்த குமாரசாமி அவர்கள் 1918-ஆம் ஆண்டு வெளியிட்ட 'சிவ நடனம்' என்னும் ஆங்கிலக் கட்டுரைத் தொகுதியாகும். அதன் தலைப்புக் கட்டுரை, ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1897-இல் தொடங்கிய 'சித்தாந்த தீபிகை'யில் 1912-ஆம் ஆண்டிலேயே வெளிவந்ததாகும். அஃது உண்மை விளக்கம், திருவருட்பயன், சிதம்பர மும்மணிக்கோவை முதலிய தமிழ் நூல்களைக் கொண்டு எழுந்தது. உலகெங்கும் பரவிய ஒரு கலைக்கொள்கையின் வேர் தமிழிலே உள்ளது என்பது இதனாற் போதரும்.

அற்றேல், அந்நூலொன்றே அமையாதோ எனின், அமையாது. உண்மை விளக்கம் 13-ஆம் நூற்றாண்டினது. திருவருட்பயன் 14-ஆம் நூற்றாண்டினது. மும்மணிக்கோவை 17-ஆம் நூற்றாண்டினது. திருவுருவமோ செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கோனேரிராசபுரம் முதலிய கற்றளிகளில் 10-ஆம் நூற்றாண்டிலேயே இடம்பெற்றது. முன்னெழுந்த உருவிற்குப் பின்னெழுந்த நூலாற் பொருளுரைத்தல் தகுமோ எனப் பத்மா கைமல் என்பார் 1999-இல் 'ஆர்ட் புல்லட்டின்' என்னும் ஆய்விதழில் வினவினார். இவ்வினாவைக் காழ்ப்பெனத் தள்ளுதல் சைவ அறிஞர்க்கு அழகன்று. வினா நேரியது, விடையும் நேரியதாதல் வேண்டும்.

விடை காண்பார் மூவகைச் சான்றினையும் தனித்தனி வைத்து நோக்குக. முதலாவது கல்வெட்டு. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களில் பொன் நிறுத்த கல்லும் நெல் அளந்த மரக்காலும் ஆடவல்லான் என்னும் பெயரே பெற்றுள்ளன. சோழர் காலத்து அவ்வடிவம் பெற்றிருந்த சிறப்பிற்கு இது கரி. அதன் தத்துவப் பொருட்குக் கரியன்று. இரண்டாவது திருமுறை. காரைக்காலம்மையார் ஆலங்காட்டுச் சுடலையாடலைப் பாடினார்; அப்பரடிகள் தில்லையில் எடுத்த திருவடியையும் புன்முறுவலையும் பாடினார். கூத்தின் தொன்மையும் அருட்பயனும் இவற்றாற் பெறப்படும். மூன்றாவது சாத்திரம். துடி படைப்பையும், அமைத்த கை காப்பையும், அனல் அழிப்பையும், ஊன்றிய தாள் மறைப்பையும், தூக்கிய தாள் அருளலையும் குறிக்கும் என உறுப்புத்தோறும் வகுத்து விளங்கவுரைப்பது உண்மை விளக்கமே.

நூலெழுந்த காலமே கருத்துத் தோன்றிய காலம் ஆதல் வேண்டாமன்றோ எனின், உண்மையே. ஆயினும் முன்னரே இருந்தது என்பார் அதற்குச் சான்று காட்டக் கடவர். திருமந்திரங் காட்டுதும் எனின், அதன் காலம் அறிஞரிடை வழக்கிலுள்ளது. வழக்கிலுள்ள ஒன்று பிறிதொரு வழக்கைத் தீர்க்கமாட்டாது. ஆகலான், வடிவின் தொன்மை வேறு, உரையின் தொன்மை வேறு எனப் பிரித்தெழுதுதலே முறையாம்.

இச்சான்றுகள் பெருநகரத்தார்க்கே எய்தும் என்று சோர்வார் உளர். நீலகிரியில் ஓவேலித் தேயிலைத் தோட்டங்களிடையே வாழும் மாணவர் ஒருவரைக் கருதுக. அவர் கூடலூரிலிறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைவழி ஏறியே உதகை சேர்தல் வேண்டும். அங்கு 1859-இல் தோன்றிய நீலகிரி நூலகம் உறுப்பினர்க்குரியது. எனினும் கோபிநாத ராயரின் திருவுருவ நூலும், உண்மை விளக்கம் முதலிய சாத்திரங்களும், திருமுறைகளும் இன்று மின்படியாக இருந்த இடத்திலேயே கிடைக்கின்றன. இராயர் தம் நூலின் 2-ஆம் தொகுதியிற் கூத்த வடிவங்களை ஆராய்ந்து, ஆகம மூலங்களையும் பிற்சேர்க்கையாகத் தந்துள்ளார். செப்புத் திருமேனிகட்குச் சென்னை அருங்காட்சியகத்தின் 1932-ஆம் ஆண்டு விவரப் பட்டி உண்டு. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆகமச் சுவடிகளும் கோயிற் படங்களும் உள. அங்குச் செல்லுமுன் வினாவை வகுத்துக்கொண்டு செல்லல் நன்று.

குமாரசாமி அவர்களின் கட்டுரை சித்தாந்திகள் அவ்வடிவை எங்ஙனம் கண்டனர் என்பதற்குத் தலைசிறந்த சான்று. சோழச் சிற்பி எங்ஙனம் கருதினான் என்பதற்கு அது தனித்துச் சான்றாகாது. இவ்வெல்லை காத்தெழுதுவதாற் சித்தாந்தத்திற்கு இழுக்கொன்றுமில்லை. மெய்ப்பொருளை ஆராய்வார்க்குச் சான்றின் எல்லை காத்தலும் கடமையேயாம்.